ஸ்லாஷர் கத்தி: கேட்டவங்களுக்கு மெக்கானிக் பதில்

கேள்வி: அண்ணா, தென்னந்தோப்புல புல், புதர் வெட்ட டிராக்டர் பின்னால மாட்டி ஓட்டற 5 அடி ஸ்லாஷர். ஒரு கத்தி மட்டும் தேஞ்சுதுன்னு மாத்தினேன். இப்ப டிராக்டரே அதிருது.

பதில்: ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும் தம்பி. பி.டி.ஓ., அதாவது டிராக்டர்லேர்ந்து மிஷினுக்குச் சக்தி குடுக்கற தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்று. கியர் பாக்ஸ் அதை ஒன்றரை மடங்கு கூட்டினா கத்தி 800 சுற்று சுத்தும். நுனி வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு கத்தி 100 கிராம் கூடினாலே தண்டை ஒரு பக்கமா 40 கிலோ அளவுக்கு இழுக்கும். முதல்ல பேரிங் போகும், அப்புறம் ஆயில் கசியாம தடுக்கற சீல், கடைசியில கியர் பாக்ஸ்.

கழட்டினதும் கத்தியோட ஓட்டையைப் பாருங்க. முட்டை வடிவமா இழுத்திருந்தா அந்தக் கத்தி வேண்டாம். போல்ட்டும் புதுசு போடுங்க. மாட்டின பிறகு போல்ட் இறுக்கமா நிக்கணும், கத்தி மட்டும் கையால தள்ளினா ஆடணும். கல்லோ கட்டையோ பட்டா பின்னால மடங்கறதுக்குத்தான் அந்த ஆட்டம். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நட்டைத் திரும்ப இறுக்குங்க.

மிஷினுக்கு அடியில போறதுக்கு முன்னாடி இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில எடுங்க, பி.டி.ஓ. தண்டைக் கழட்டுங்க, மிஷினுக்குக் கட்டை முட்டுக் குடுங்க.

கேள்வி: சாணை எவ்வளவு கூர்மையா பிடிக்கணும்?

பதில்: சவரக் கத்தி மாதிரி வேண்டாம். பழைய சரிவு மாறாம மேல்பக்கம் மட்டும் தேய்ங்க, விளிம்புல ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு விடுங்க. இரும்பு நீலமானா சூடு ஏறிப்போச்சுன்னு அர்த்தம்.

கேள்வி: கியர் பாக்ஸுக்கு என்ன ஆயில்?

பதில்: மேனுவல்ல போட்டிருக்கறதுதான். பெரும்பாலும் 90 நம்பர்.

கேள்வி: லிஃப்ட்ல தூக்கி வெச்சே மாத்திடலாமா?

பதில்: கூடாது. லீவரை யாராவது தொட்டாலும், ஹோஸ் வெடிச்சாலும் மிஷின் மேல விழும். முட்டு, முட்டு, முட்டு.

கேள்வி: எங்க ஊர்ப் பட்டறையில லாரிப் பட்டையில, அதான் லாரி ஸ்பிரிங் பட்டையில, கத்தி அடிச்சு வெல்டிங் வெச்சுத் தர்றாங்க. ரெண்டு சீசன் ஓடிருச்சே?

பதில்: அதைக் கழட்டிடுங்க. லாரிப் பட்டை பதம் போட்ட எஃகு. கேஸ்ல வெட்டி, காய்ச்சி அடிச்சா பதம் கெடும். வெல்டிங் பக்கத்துல கண்ணாடி மாதிரி உடையும். அப்படி உடைஞ்ச மிஷின் ஒண்ணு எங்கிட்ட வந்துச்சு. தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். துண்டு தென்னை மரத்துல நாலு விரல் ஆழம் இறங்கியிருந்துச்சு, இடுப்பு உயரத்துல.

கேள்வி: ரோட்டாவேட்டர் கத்தியை வெல்டிங் வெச்சுத்தானே ஓட்டறோம்?

பதில்: அது 200 சொச்சம் சுத்து, மண்ணுக்குள்ள. உடைஞ்சா மண்ணுல கிடக்கும். இது வெளியில பறக்கும். ரெண்டும் ஒண்ணில்லைங்க.

கேள்வி: ஒரு கத்தியை மட்டும் மாத்தலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: கியர் பாக்ஸ் அடியில ஆயில் கசியுது.

பதில்: கத்தித் தட்டைக் கழட்டிப் பாருங்க. சொட்டுநீர் டியூப்போ கயிறோ தண்டுல சுத்தி, சீலை அறுத்திருக்கும். வெட்டி எடுத்துட்டுச் சீல் மாத்துங்க. முட்டுக் குடுத்துட்டு.

கேள்வி: லாரிப் பட்டை கேட்டவன்தான் அண்ணா. கழட்டிடறேன். போல்ட் எது வேணும்னாலும் போடலாமா?

பதில்: சந்தோஷம் தம்பி. சாதா போல்ட் வேண்டாம், உங்க மிஷினோட கத்தி போல்ட்டுன்னே கேட்டு வாங்குங்க. நட்டு கழண்டுடாம பூட்டற காட்டர் பின்னும் புதுசு.