பிடித்தது கம்பெனி, கட்ட வேண்டியது நானா?

கேள்வி: 2022-23இல் வேலை பார்த்த கம்பெனி என் சம்பளத்தில் மாதம் 4,200 ரூபாய் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தது. ஆனால் அரசுக்குக் கட்டவில்லை. வரி பிடித்ததற்கான சான்றிதழான ஃபார்ம் 16 தரவில்லை, என் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏ.எஸ்.ஸிலும் அந்தத் தொகை இல்லை. இப்போது கம்பெனியே இல்லை. 50,400 ரூபாயும் வட்டியும் கட்டச் சொல்லி வருமான வரித் துறையிடமிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டித் தொலைத்துவிடலாமா? பே ஸ்லிப் ஒன்பது மாதத்துக்குத்தான் இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். பயத்தில் ஒரே வரியை இரண்டு தடவை கட்டியவர்கள் என் மேஜைக்கு எதிரே நிறைய பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த அளவுக்கு அந்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்கிறது அது. பிடித்தவரிடம் வசூலிப்பது துறையின் பாடு. மும்பை உயர் நீதிமன்றம் 2007இல் இதைச் சொல்லிவிட்டது. துறைக்கு மேலே இருக்கும் நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூனில், இந்த மாதிரி பாக்கிக்காக நெருக்கடி தரக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கே எழுதியது. ஆனாலும் கம்ப்யூட்டர் 26ஏ.எஸ்.ஸை மட்டும் பார்த்து நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கு 205 தெரியாது!

அதனால் சும்மா இருக்கவும் கூடாது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் அந்த டிமாண்டை (கட்டச் சொல்லும் பாக்கியை) திறந்து ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று பதிவு செய்யுங்கள். தவறியும் ‘சரி’ என்று கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் மாற்ற முடியாது. 205ஐக் குறிப்பிட்டு உங்கள் வரி அதிகாரிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த வருட ரீஃபண்டில் கழித்துக்கொள்வதாக 245ஆவது பிரிவில் கடிதம் வந்தால் அதற்கும் மறுப்பு எழுதுங்கள். அப்படிக் கழிப்பதும் தவறுதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாமே ‘பிடித்தார்கள்’ என்பதற்கான ஆதாரத்தில்தான் நிற்கிறது. பே ஸ்லிப்பையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலை ஸ்லிப்பில் கைக்கு வரும் சம்பளம் 61,340 என்றால் வங்கியிலும் அதே 61,340 விழுந்திருக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கும் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லிப் இல்லாத மூன்று மாதமும் அதே தொகைதான் வந்திருக்கிறதா? சரி, அதையும் கடிதத்தில் எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்கள் யாருக்காவது இதே நோட்டீஸ் வந்திருந்தால், அவர்களுடைய ஸ்லிப் நகலையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.