அரசியல் எதிர்ப்பாக டெஸ்லா கார்களைச் சேதப்படுத்துவதை ஏற்க முடியுமா?

டெஸ்லா நிறுவனத் தலைவர் எலான் மஸ்க்கின் அரசியலை எதிர்ப்பதற்காக டெஸ்லா கார்களைக் கீறுவதும் கொளுத்துவதும் நியாயமான போராட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2025இன் தொடக்கத்தில் டிரம்ப் அரசில் அவர் முன்னின்று நடத்திய ஆட்குறைப்பையும், ஏழை நாடுகளுக்கான உதவித் திட்டங்கள் முடக்கப்பட்டதையும் கடுமையாக எதிர்ப்பவன் நான். அப்படியிருந்தும் அந்தக் கார்கள் மீது கை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தெருவோரம் நிற்கும் ஒரு டெஸ்லாவுக்கான விலை எப்போதோ நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதன் கதவில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைக் கீறினால் மஸ்க்குக்கு எந்த இழப்பும் இல்லை. செலவும் அலைச்சலும் அச்சமும் அதன் உரிமையாளருக்குத்தான். அவர்களில் பலர் சுற்றுச்சூழல் அக்கறையால் மின்சாரக் காருக்கு மாறியவர்கள். மஸ்க்கின் போக்கு தெரிவதற்கு முன்பே இதை வாங்கிவிட்டேன் என்ற வாசகத்தை வண்டியில் ஒட்டிக்கொண்டு போகும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டதை நினைத்தால் எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

இதை நியாயப்படுத்துவோர், பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றவாசிகள் 1773ஆம் ஆண்டில் நடத்திய பாஸ்டன் தேநீர்ப் போராட்டத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். அன்று கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. எந்த வீட்டு அடுக்களைக்குள்ளும் புகுந்து யாரும் தேயிலையை அள்ளி வரவில்லை. கப்பலில் உடைபட்ட பூட்டு ஒன்றுக்குப் பதிலாகப் புதிய பூட்டு வாங்கிக் கொடுக்கப்பட்டதாகக்கூடச் சொல்லப்படுகிறது. யாருடைய பொருளைத் தொடலாம், யாருடையதைத் தொடக்கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த அந்தக் கவனம்தான் இங்கே காணாமல் போயிருக்கிறது.

நிறுவனத்தின் இடங்களைத் தாக்குவது வேறு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். 2025 மார்ச் 18 அதிகாலையில் லாஸ் வேகஸில் விபத்துக்குள்ளான டெஸ்லாக்களைப் பழுதுபார்க்கும் மையத்தில் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டு ஐந்து கார்கள் சேதமடைந்தன. லித்தியம் மின்கலம் பற்றிக்கொண்டால் நச்சுப்புகை கிளம்பும். அணைந்ததுபோலத் தோன்றிய பிறகும் மீண்டும் எரியத் தொடங்கும். அந்த ஆபத்துக்கு முகம் கொடுப்பவர்கள் தீயணைப்பு வீரர்களே. போராட்டம் என்ற சொல்லால் இதை மறைக்க நான் விரும்பவில்லை.

இந்தத் தீ யாருக்கு உதவியது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்புதான் டிரம்ப் டெஸ்லாவை வாங்காமல் புறக்கணிப்பதையே சட்டவிரோதம் என்று எழுதியிருந்தார். வாடிக்கையாளர் தமக்கு வேண்டாத காரை வாங்காமல் இருப்பது எப்படிக் குற்றமாகும் என்பதால் அந்த வாதத்துக்கு வலு இல்லை. ஆனால் தீவைப்புக்குப் பின்னர் அரசு வழக்குகளைத் தொடுத்து, உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று பெயரிட்டு, 20 ஆண்டுகள் வரை சிறை என்று எச்சரித்தபோது, பேச்சு முழுவதும் எரிந்த கார்களைப் பற்றியதாக மாறியது. வேலை இழந்த அரசு ஊழியர்கள் பின்னுக்குப் போனார்கள்.

இத்தனைக்கும் நல்ல வழி கண்ணெதிரே இருந்தது. 'டெஸ்லா டேக்டவுன்' இயக்கத்தினர் வன்முறையும் சேதமும் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லி, காட்சியகங்களுக்கு முன்னால் பதாகைகளுடன் நின்று, காரை விற்றுவிடுங்கள், பங்குகளைக் கைவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டின் முதல் காலாண்டில் டெஸ்லாவின் கார் விநியோகம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 13 சதவீதம் குறைந்தது. மாடல் ஒய் என்ற காரின் உற்பத்தியில் செய்யப்பட்ட மாற்றமும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், புறக்கணிப்பின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. உக்ரைனுக்குப் போய்வந்ததற்காக அரிசோனா செனட்டர் மார்க் கெல்லியை மஸ்க் துரோகி என்றபோது, கெல்லி தம் சொந்த டெஸ்லாவையே கைவிடுவதாக அறிவித்து, அதற்கான காரணத்தையும் பொதுமக்களிடம் விளக்கினார். நான் ஆதரிக்கும் எதிர்ப்பு அத்தகையது.