லிங்கன்ஸ் இன்னில் ‘சீட்’ வாங்கித் தருவதாகச் சொன்னால்...

அன்புள்ள ஐயா,

கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், அம்பேத்கரைப் போலத் தானும் லண்டனுக்குப் போய் பாரிஸ்டராக வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், லிங்கன்ஸ் இன்னில் சீட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லிங்கன்ஸ் இன் ஒரு கல்லூரி இல்லை, நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களான பாரிஸ்டர்களின் சங்கம். அங்கே விலைக்கு வாங்க சீட் என்று ஏதும் கிடையாது. லண்டனில் இப்படி நான்கு சங்கங்கள் இருக்கின்றன: லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். இவற்றில் லிங்கன்ஸ் இன் தன் பதிவேடுகளை 1422 முதல் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரை பாரிஸ்டராக ‘அழைக்கும்’, அதாவது அந்தப் பட்டத்தைத் தரும், உரிமை இன்றும் இந்த நான்குக்கு மட்டுமே உண்டு. படிப்பும் தேர்வும் வேறு இடத்தில் நடக்கும், பட்டத்தைச் சூட்டுவது மட்டும் சங்கம். உறுப்பினராக வேண்டுமானால் மாணவி தானே விண்ணப்பிக்க வேண்டும், நன்னடத்தைச் சான்று காட்ட வேண்டும், சேர்க்கைக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணமும் சிறியதுதான். நடுவில் ஏஜென்டுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

காந்தி இன்னர் டெம்பிளில் சேர்ந்த காலத்தில் விஷயம் இன்னும் விசித்திரமாக இருந்தது. குறிப்பிட்ட பருவங்களில் சங்கத்தின் கூடத்துக்குப் போய் இரவு விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும், இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும், அவ்வளவுதான். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள் என்பதால், குடிக்காத தன்னைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் பலரும் போட்டி போட்டதை அவரே எழுதியிருக்கிறார். 1891 ஜூனில் பாரிஸ்டரான இரண்டாம் நாளே கப்பலேறினார். ஊர் வந்து வழக்கு நடத்தத் தெரியாமல் திணறினார் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பட்டம் கிடைப்பது வேறு, வக்கீல் ஆவது வேறு.

இப்போது விருந்தோடு சொற்பொழிவும் வாதப் பயிற்சியும் சேர்ந்திருக்கின்றன. பத்துப் பயிற்சி அமர்வுகளை முடிக்க வேண்டும். ஆனால் அது எளிதான பகுதி. பட்டப்படிப்புக்குப் பிறகு வரும் பார் பயிற்சிப் படிப்புக்கு ஏறத்தாழ 13,000 முதல் 20,000 பவுண்டு வரை கட்டணம் ஆகும், லண்டன் வாடகை தனி. அது முடிந்து ‘அழைக்கப்பட்டாலும்’ உங்கள் மகள் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஒரு சேம்பரிலோ (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) அதற்கு அனுமதி பெற்ற வேறு அமைப்பிலோ சீனியர் ஒருவரின் கீழ் ஓராண்டு பயிற்சி பெற்றாக வேண்டும். பியூப்பிலேஜ் என்பார்கள். முதல் ஆறு மாதம் பார்த்துப் பழகுவது, அடுத்த ஆறு மாதம் மேற்பார்வையில் தானே வழக்கு எடுப்பது. இந்த இடங்கள் ஆண்டுக்குச் சில நூறுதான், போட்டியிடுவோர் அதைவிடப் பல மடங்கு. கதவு உண்மையில் மூடுவது இங்கேதான். ஏஜென்டுகளின் வண்ணத் துண்டுப்பிரசுரங்களில் இந்தப் பக்கம் மட்டும் இருப்பதில்லை.

பட்டத்தோடு ஊர் திரும்பி உயர் நீதிமன்றத்தில் நிற்கலாமே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் அது சரி. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டமோ, பாரிஸ்டர் என்ற தகுதியை மட்டும் வைத்துப் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பை 1976 டிசம்பர் 31க்குள் அழைக்கப்பட்டவர்களோடு நிறுத்திவிட்டது. இன்று வெளிநாட்டுச் சட்டப் பட்டத்துடன் வருபவர், அந்தப் பட்டம் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும், பிறகு தகுதித் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவர்களிடம் மேலும் இரண்டாண்டு இணைப்புப் படிப்பையும் கவுன்சில் கேட்கிறது. மலேசியாவில் நிலைமை வேறு. இங்கிலாந்து பாரிஸ்டர் தகுதியை அந்நாட்டுச் சட்டம் இன்னும் ஏற்கிறது, அதனால் அங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த வழி கணக்காகப் பொருந்துகிறது. உங்களுக்கு அப்படி இல்லை.

ஆகவே மகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தக் கல்லூரி என்பதல்ல, எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிற்கப் போகிறாய் என்பதே. சென்னை, மதுரை என்று பதில் வந்தால் இங்கேயே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேர்த்துவிடுங்கள். சென்னையில் அம்பேத்கர் பெயரிலேயே சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சிக்கு தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுத வேண்டும், அதற்கான தயாரிப்பை இந்த ஆண்டே தொடங்குவது நல்லது.

லண்டன்தான் என்றாலும் இங்கே படித்த ஐந்தாண்டு வீணாகாது. இங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்து, சில ஆண்டு வாதாடியவர்கள், பயிற்சியின் சில பகுதிகளிலிருந்து விலக்குக் கோரி அங்குள்ள பார் ஒழுங்குமுறை வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கென்றே மாற்றுத் தேர்வு ஒன்று உண்டு. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். இருபத்தைந்து வயதில் அனுபவத்தோடு போகிறவளுக்கும் பதினெட்டு வயதில் கடனோடு போகிறவளுக்கும் சேம்பரில் கிடைக்கும் வரவேற்பு ஒன்றாக இராது.

அம்பேத்கரைக் காட்டி அவள் வாதாடினால், அவர் கதையை முழுதாகவே சொல்லுங்கள். 1916இல் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் மறு ஆண்டே திரும்ப நேர்ந்தது. பம்பாயில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920இல் மறுபடியும் போய், 1922இல்தான் பாரிஸ்டரானார். பாதியில் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

உதவித்தொகை விஷயம் மட்டும் பாக்கி. நான்கு சங்கங்களும் பார் படிப்புக்குத் தாராளமாகவே உதவுகின்றன, ஆனால் ஒருவர் ஒரு சங்கத்தில்தான் விண்ணப்பிக்கலாம். படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே கடைசி நாள் வந்துவிடும். சங்கத்தில் உறுப்பினராவதற்குப் படிப்பு தொடங்கும் முன் 12 வாரம் வரை அவகாசம் உண்டு. இவை எல்லாம் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் கவனிக்க வேண்டியவை. இந்த ஆண்டு அவள் செய்ய வேண்டியது, கிளாட் விண்ணப்பத்தைத் தேதி தவறாமல் போடுவது. ஏஜென்டிடம் பிளஸ் டூ சான்றிதழின் அசலைக் கொடுத்திருந்தால், நாளையே போய் வாங்கிவிடுங்கள்.