கார்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதலா?

கேள்வி: விளக்குத்தூண் அருகே ஒரு கடையில் பிள்ளைக்கு இரண்டு பனியனும் ஒரு துண்டும் எடுத்தேன். பில் 240 ரூபாய். டெபிட் கார்டை நீட்டியதும், "முந்நூறுக்குக் கீழன்னா அஞ்சு ரூபா சேர்த்துத்தாம்மா போடணும், பேங்க்ல பிடிக்கிறாங்க" என்று சொல்லி மெஷினில் 245 என்று அடித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பேசாமல் வந்துவிட்டேன். இது முறைதானா?
– வாசகி ஒருவர், மேலூர்

பதில்: முறையன்று. கார்டில் பணம் பெறும் கடைக்காரரிடம் வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை எம்.டி.ஆர். என்பார்கள். கடை வாடகை, மின்கட்டணம் போல அதுவும் கடையின் செலவுதான். டெபிட் கார்டில் இந்தக் கட்டணத்தைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர் தலையில் கட்டாதபடி வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

உங்களிடம் வாங்கிய ஐந்து ரூபாய், வங்கி பிடிக்கும் தொகையும் அன்று. அந்தச் சுற்றறிக்கையின்படி, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடைகளுக்கு உச்சவரம்பு 0.40 சதவீதம், மற்றக் கடைகளுக்கு 0.90 சதவீதம். 240 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால், சிறிய கடையென்றால் 96 பைசா, பெரிய கடையென்றால் 2 ரூபாய் 16 பைசா. உங்களுடையது ரூபே டெபிட் கார்டு என்றால், 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்கு அந்தக் கட்டணமே கிடையாது, யூபிஐக்கும் அப்படித்தான். இதே ஐந்து ரூபாய் நூறு ரூபாய்க்குத் துணி எடுப்பவரிடம் ஐந்து சதவீதமாகிவிடுகிறது என்பதும், குறைவாக வாங்குகிறவர்தான் இதில் அதிகம் இழக்கிறார் என்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

கிரெடிட் கார்டு வேறு கணக்கு. அதற்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. பிடித்தமும் பொதுவாக அதிகம்.

மெஷினுக்கு மாத வாடகை கட்டிக்கொண்டு, குறைந்த லாபத்தில் வியாபாரம் செய்கிற சிறு கடைக்காரர்களின் சிரமம் எனக்குத் தெரியாததன்று. கட்டுப்படியாகாவிட்டால், கார்டு வாங்குவதில்லை என்று வாசலிலேயே எழுதி வைக்கலாம்; பொருளைக் கட்டிக் கையில் கொடுத்த பிறகு, கல்லாவில் வைத்துக் கூடுதல் பணம் கேட்பதை ஏற்க இயலாது.

மெஷினிலிருந்து வந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வங்கியின் மெஷின் என்பது பெரும்பாலும் அதன் தலைப்பிலேயே இருக்கும். அந்த வங்கிக்கும், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடையின் மீதே புகார் சொல்வதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 240 என்று போட்ட கடை பில்லும், 245 என்று காட்டும் சீட்டும் சேர்ந்திருந்தால்தான் புகார் நிற்கும். அந்தச் சீட்டில் எழுத்து சில வாரங்களிலேயே மங்கிவிடும் என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.