சாப்பிட மாட்டேங்கிறா, பேச மாட்டேங்கிறா: குட்டிப் பாப்பா கேள்வி-பதில்

கேள்வி: மகளுக்கு 1 வயது 10 மாதம். எடை 10 கிலோதான். பக்கத்து வீட்டுக் குழந்தை இதே வயதில் 12 கிலோ. போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். பால் மட்டும் நாலைந்து பாட்டில் குடித்துவிடுவாள். பசிக்கு டானிக் சொல்லுங்கள். (நெல்லிக்குப்பம் வாசகி)

பதில்: டானிக் வேண்டாம்மா. இந்த வயதுப் பெண் குழந்தைக்கு 10 கிலோ சரியான வரம்புக்குள்தான் வருகிறது. முதல் வருடத்தில் பிறந்த எடையைப்போல மூன்று மடங்கு ஆகிற குழந்தை, இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் குறையும். அங்கன்வாடியில் எடை போட்டுக் குறிக்கிற வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். கோடு மெதுவாக ஏறினாலே போதும். படுத்துவிட்டாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கோடு நமக்கு எதற்கு?

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பால் பாட்டில், சங்கதியே அங்கேதான் இருக்கிறது. 200 மில்லி பாட்டில் என்றாலும் ஐந்துக்கு ஒரு லிட்டர். அப்புறம் இட்லிக்கு வயிற்றில் ஏது இடம்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ரத்தசோகை வந்துவிட்டால் பசி இன்னும் மந்தமாகும். நாளைக்கு 400–500 மில்லிக்குமேல் வேண்டாம், அதையும் டம்ளரில் கொடுங்கள்.

போன் விஷயத்தில், 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு தட்டு வையுங்கள். பிசையட்டும், சிந்தட்டும். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். சில நாள் ரகளை இருக்கும். அந்த நாட்களில் பாட்டி நைசாக பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. மருமகள் ஏனாம் பெண், குழந்தையிடம் தெலுங்கில் பேசுகிறாள். நாங்கள் தமிழ். குழந்தை குழம்பிப்போய்த்தான் ஏழெட்டு வார்த்தையோடு நிற்கிறது என்கிறார்கள். தமிழில் மட்டும் பேசச் சொல்லவா? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: சொல்லாதீர்கள் ஐயா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். உங்களிடம் ‘பூனை’, அம்மாவிடம் ‘பில்லி’ என்றால் கணக்கு இரண்டு. ‘ஊனை’ என்று மழலையில் சொன்னாலும் சேரும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? காக்காவை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறாளா? ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் புரிகிறதா? இதெல்லாம் இருந்தால் நிம்மதியாக இருங்கள். 2 வயதுக்குள் ‘அம்மா வா’ என்று இரண்டு வார்த்தை சேர வேண்டும். சேரவில்லை என்றாலோ, இப்போதே விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலோ, முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். ஜிப்மரிலேயே அந்த வசதி உண்டு. ‘இவ அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்’ என்ற சமாதானத்தில் ஆறு மாதம் ஓடிவிடக் கூடாது.

கேள்வி: 13 மாதமாகியும் நடக்கவில்லை. வாக்கர் வாங்கலாமா? (கடலூர் முதுநகர்)

பதில்: 18 மாதம் வரை நேரம் இருக்கிறது. உட்காரவைத்து உருட்டும் வாக்கரால் நடை சீக்கிரம் வராது. வாசற்படியில் கவிழ்ந்து மண்டை உடைவதுதான் மிச்சம். நின்று தள்ளுகிற மர நடைவண்டி பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால்.

கேள்வி: வீட்டிலேயே முந்திரியும் பலாவும் கிடக்கிறது. 2 வயதுப் பெண்ணுக்குத் தரலாமா? (பண்ருட்டி)

பதில்: தாராளமாக. ஆனால் முந்திரி, வேர்க்கடலையைப் பொடித்தோ அரைத்தோதான் தர வேண்டும். 5 வயது வரை முழுசாக வேண்டாம். சுளையைப் பொடியாக நறுக்குங்கள், கொட்டையை வேகவைத்து மசியுங்கள். ஓடும்போதும் அழும்போதும் ஊட்டாதீர்கள். சாப்பிடும்போது திடீரென்று புரையேறி, பிறகு இருமல் நிற்காமலோ மூச்சில் வீசிங் சத்தமோ இருந்தால், சளி என்று வீட்டில் மருந்து கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடலைத்துண்டு மூச்சுக்குழாயில் உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: சில்வர் பீச்சுக்குப் போனால் மண்ணை அள்ளித் தின்கிறாள். வயது இரண்டரை. (தேவனாம்பட்டினம்)

பதில்: ஒன்றரை வயதென்றால் விளையாட்டு என்று விட்டிருப்பேன். இரண்டரையில் வீட்டுச் சுண்ணாம்பு, சாம்பல் என்றும் தேடிப்போகிறாளா பாருங்கள். அப்படியென்றால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை அங்கன்வாடியில் இலவசம். 2 வயது தாண்டியதால் முழு மாத்திரை, நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.