இறுகிப்போன ஹீற்சிங்க்கை இழுத்து எடுக்கலாமா?

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "ரைசன் 5 2600 புறொசெசர் (கணினியின் மையச் சில்லு) பூட்டிய என் கணினி பத்து நிமிடத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. புறொசெசரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் துடுப்புக்கட்டையான ஹீற்சிங்க்குக்கும் புறொசெசருக்கும் இடையே பூசும் தேமல் பேஸ்ற்றை மாற்ற நினைத்து நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டேன், ஹீற்சிங்க் அசையவில்லை. இழுத்து எடுக்கலாமா?"

தயவுசெய்து நேர்மேலாக இழுக்க வேண்டாம். உங்களுடைய ஏ.எம்.4 வகைப் புறொசெசரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன; புறொசெசர் அமரும் சொக்கற்றின் பக்கத்திலுள்ள சிறு பூட்டுக்கம்பியான நெம்பு அவற்றைப் பிடித்திருந்தாலும், காய்ந்த பேஸ்ற்றின் பிடி சிலவேளை அதைவிட வலுவாகிவிடும். ஹீற்சிங்க் மறைத்திருப்பதால் நெம்பை முதலில் தூக்கவும் வழியில்லை. அதனால், நெம்பு பூட்டியபடியே புறொசெசர் சொக்கற்றிலிருந்து பிடுங்குப்பட்டு வந்து ஊசிகள் வளைந்துவிடக்கூடும்.

திருகாணிகளை மறுபடி பூட்டி, விசிறி வயரையும் கொழுவி, ஐந்தாறு நிமிடம் கணினியை ஓடவிடுங்கள். சூட்டில் பேஸ்ற் இளகும். உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டபின், திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பின்பக்கத் தகடு கழன்று விழாதபடி கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஹீற்சிங்க்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். அது வழுக்குவதைக் கை உணர்ந்த பின்னரே தூக்க வேண்டும்.

பேஸ்ற் மாற்றுவதற்குப் புறொசெசரைக் கழற்றத் தேவையில்லை. தப்பித்தவறி அதுவும் கூடவே வந்துவிட்டால், வளைந்த ஊசிகளை மெல்லிய பிளாஸ்ரிக் அட்டையால் வரிசையோடு நிமிர்த்தி, நெம்பை முழுதாக உயர்த்தி, மூலையிலுள்ள முக்கோணக் குறிகள் பொருந்தும்படி வையுங்கள். அது தன் பாரத்திலேயே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் ஒருபோதும் அமுக்காதீர்கள், ஏதோ ஓர் ஊசி இன்னும் வளைந்திருக்கிறது.

பழைய பேஸ்ற்றை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, நடுவில் ஒரு மல்லி விதையளவு புதியதை வைத்தால் போதும். சோளகக் காலத்துப் புழுதி துடுப்புகளுக்கிடையே அடைந்திருக்கும். அதைத் தூரிகையால் நீக்காமல் பேஸ்ற்றை மட்டும் மாற்றுவதில் பெரிய பயனில்லை. திருகாணிகளையும் மூலைக்கு மூலையாகவே இறுக்கி, விசிறி வயரை மறக்காமல் கொழுவுங்கள்.

கணினியை மறுபடி போட்டதும், முதலில் பயோஸ் திரையில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) வெப்பநிலையைப் பாருங்கள். ஐம்பது பாகையை ஒட்டி நின்றால் நல்லது; நிற்காமல் ஏறி எண்பதைத் தாண்டினால் ஹீற்சிங்க் சரியாகப் படியவில்லை, உடனே நிறுத்திவிடுங்கள்.