ஜாகுவார் காத்திருக்கும், அடகு நகை காத்திருக்காது

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வயது 44, 47. பறவை பார்ப்பதில் இருவருக்கும் பைத்தியம். அடுத்த ஆகஸ்டில், இன்னும் 11 மாதத்தில், பிரேசிலின் பந்தனால் சதுப்பு நிலத்துக்குப் போய் ஜாகுவார் (சிறுத்தை போன்ற பெரிய காட்டுப் பூனை) பார்க்க ஆசை. ரியோ, இகுவாசு அருவி, பந்தனால் என்று 14 நாளுக்கு, இருவருக்கும் சேர்த்து 10 லட்சம் என்கிறார் ஏஜென்ட். எஃப்டியில் 4 லட்சம் இருக்கிறது. மாதம் 28,000 மிச்சமாகிறது. குறைகிற 3 லட்சத்துக்குப் பர்சனல் லோன் வாங்கலாமா, ஏஜென்ட் சொல்லும் 'இப்போது பயணம், பிறகு பணம்' திட்டத்தில் சேரலாமா? (கொழுந்தனார் கடைக்காக மூன்று தடவை என் நகையை வைத்துக் கொடுத்ததில் 4 லட்சம் நிற்கிறது. அதற்கு வட்டி மட்டும் கட்டி வருகிறோம்.)
- கோவை வாசகி

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதைத்தான் நான் முதலில் படித்தேன்.

மூன்று வருடம் முன்பு ஒன்றரை லட்சம், அடுத்த வருடம் ஒன்றரை, போன வருடம் ஒன்று என்று உங்கள் முழுக் கடிதத்தில் இருக்கிறது. சுமார் 10 சதவீத வட்டி என்றால் இதுவரை 45,000, 30,000, 10,000 என்று 85,000 ரூபாய் போய்விட்டது. அசலில் ஒரு பைசா குறையவில்லை. கடை அவருடையது, நகை உங்களுடையது, வட்டியும் நீங்களே. ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கும்போது கடன் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் அடுத்த தடவை அவர் கேட்கும்போது உங்களைத் தலையாட்ட வைக்கிறது.

இதற்கு நடுவில் எஃப்டியில் 4 லட்சத்தைப் பயணத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறீர்கள். வரி போக அது தருவது ஐந்தரை சதவீதம் இருக்கலாம். அடகுக்குக் கட்டுவது பத்து. இதன்மேல் 14 சதவீதத்தில் 3 லட்சம் பர்சனல் லோன் வாங்கினால் மூன்று வருடத்துக்கு மாதம் 10,250. வட்டி மட்டும் 69,000 ஆகும். ஊர் திரும்பி இரண்டு வருடத்துக்கு மேலும் தவணை ஓடும். ஏஜென்டின் திட்டமும் கடன்தான், பெயர்தான் புதிது. வட்டியில்லை என்று சொன்னால், ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தள்ளுபடிதான் ஒளிந்திருக்கும் வட்டி.

எஃப்டியை உடைத்து இந்த வாரமே நகையை மீட்டுவிடுங்கள். முன்கூட்டி எடுத்தால் பிடிக்கும் சிறு அபராதம் பரவாயில்லை. மீட்ட நகை லாக்கருக்குப் போகட்டும். கொழுந்தனாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. இனி கொடுப்பதானால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகை மட்டும். வருடத்துக்கு 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் போனஸிலிருந்து. பழைய 4 லட்சத்தில் அவர் ஏதாவது தந்தால் சந்தோஷம். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, பயணம். ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். வட்டியில் மிஞ்சும் 3,300-ஐயும் சேர்த்தால் மாதம் 31,300. 23 மாதத்தில் 7.2 லட்சம். வங்கியில் ஆர்டியாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் வட்டியோடு ஏழரையைத் தொடும். இந்தப் பணத்தை 'டிராவல் எஸ்ஐபி' என்று யாராவது மாதாமாதம் ஈக்விட்டி ஃபண்டில் (பங்குச் சந்தை நிதியில்) போடச் சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடப் பணத்துக்குச் சந்தை இடமல்ல.

ஏழரைக்குள் முடியுமா? ரியோவையும் இகுவாசுவையும் வெட்டினால் முடியும். அவை ஏஜென்டின் ஆசை, உங்களுடையது இல்லையே! பந்தனாலுக்குப் பக்கத்து நகரமான குயாபா வரை விமானம், அங்கிருந்து போக்கோனே ஊர் வழியாக ட்ரான்ஸ்பந்தனேய்ரா மண்சாலை. சுமார் 145 கிலோமீட்டர், நூற்றுக்கு மேல் பாலங்கள், கடைசியில் போர்ட்டோ ஜோஃப்ரே. விலை ஏறுவது அந்தக் கடைசியில்தான், ஜாகுவார் படகுகள் கிளம்புவது அங்கிருந்து என்பதால். பந்தனாலில் ஆறு இரவு தங்குவதாக வைத்து, அதில் மூன்றை மட்டும் அங்கே கழித்து, மீதியைச் சாலையோரப் பண்ணை விடுதிகளில் கழியுங்கள். கெய்மன் முதலை, கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு, ஜபிரு நாரை, நீல ஹயசிந்த் மக்காவ் கிளி எல்லாம் அந்த வழியிலேயே கிடைக்கும். தனிப் படகு வேண்டாம், மற்றவர்களோடு பகிருங்கள்.

இன்னொன்று. ஜாகுவாருக்கு ஏற்ற வறண்ட மாதங்கள்தான் அங்கே காட்டுத்தீ மாதங்களும். 2020-இல் பந்தனாலில் கால் பங்குக்கு மேல் எரிந்தது, 2024-இலும் பெரிய தீ. அதனால் முன்பணம் கட்டுமுன் ரத்து விதிகளை எழுத்தில் வாங்குங்கள். விலை டாலரில் இருந்தால் ரூபாய் இறங்குவதற்கு அரை லட்சம் ஒதுக்குங்கள். அந்த மண்சாலையின் கோடியில் கால் உடைந்தால் குயாபாதான் பெரிய ஆஸ்பத்திரி, ஆகவே அவசரமாகத் தூக்கிவரும் செலவையும் தரும் காப்பீடாகப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பிரேசிலிலிருந்து இறங்கினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்பதால், இதை மட்டும் இப்போதே முடித்துவைத்தாலும் நஷ்டமில்லை.